ஆறாவது கன்ட்ரோலுக்கு 45 நிமிடம்: புதர் மண்டிய காட்டில் ஒரு ஓரியண்டீரிங் பந்தயம்

நேர்க்கோட்டில் அளந்தால் 620 மீட்டர். அந்தத் தூரத்தில் இருந்த ஒரு கன்ட்ரோலை, அதாவது வரைபடத்தில் குறித்த ஓர் இடத்தை, தேடிப் பிடிக்க, ஆறு வருட அனுபவமுள்ள ஓட்டக்காரர் ஒருவருக்கு 45 நிமிடம் ஆனது. அன்று நான் முடிவிடத்தில், ஓட்டக்காரர்களின் நேரம் பதிவாகும் சிப்களை வாங்கிப் பதிவு செய்யும் மேசையில் இருந்தேன். பிறகு அவருடன் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தேன், இரண்டு வாரம் கழித்து அதே காட்டுக்குள் அவருடன் நடந்தும் போனேன். அவர் கையில் கட்டியிருந்த ஜிபிஎஸ் கடிகாரம் தடத்தைப் பதிவு செய்திருந்தது. பந்தயத்தின்போது அதைப் பார்த்து வழி தேடக் கூடாது, அவரும் பார்க்கவில்லை. கீழே உள்ள நேரங்களும் தூரங்களும் அந்தத் தடம், சிப் பதிவு, அவருடைய நினைவு ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்து எழுதியவை.

பின்னணி

ஓரியண்டீரிங் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களுக்கான முதல் பந்தயம் 1897இல் நார்வேயில், இன்றைய ஓஸ்லோவுக்கு அருகில் நடந்தது. விளையாட்டின் அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை. கையில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். வரைபடத்தில் ஊதா நிறத்தில் எண்ணிட்ட வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் தரையில் ஏதோ ஓர் அடையாளம்: ஒரு பாறை, ஒரு பள்ளம், ஒரு பாதைச் சந்திப்பு. அங்கே பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு முப்பட்டைத் துணி தொங்கும். அதுதான் கன்ட்ரோல். வரிசை மாறாமல் ஒவ்வொன்றுக்கும் போய், விரலில் மாட்டிய சிப்பை அங்குள்ள பெட்டியில் பதித்துவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் இஷ்டம்.

வரைபடத்தின் நிறங்கள் புதிதாக வருபவர்களைக் குழப்பும். வெள்ளை என்றால் வெட்டவெளி இல்லை, தாராளமாக ஓடக்கூடிய காடு. வெட்டவெளிக்கு மஞ்சள். பச்சை என்றால் தடை. மூன்று பச்சைகள் உண்டு. இளம்பச்சையில் வழக்கமான வேகத்தில் 60 முதல் 80 சதவீதம் வரை ஓடலாம். நடுப்பச்சையில் 20 முதல் 60 சதவீதம். அடர்பச்சையில் 20 சதவீதம்கூட இல்லை, முட்டி மோதித்தான் போக வேண்டும். இந்தக் கதை முழுக்க அந்த நடுப்பச்சையைச் சுற்றித்தான்.

ஓட்டக்காரர் முப்பதுகளில் இருக்கும் பெண். உள்ளூர் பந்தயங்களில் வழக்கமாக முதல் ஏழெட்டு இடங்களுக்குள் வருபவர். அன்று அவருடைய பிரிவில் 19 பேர். பாதை நேர்க்கோட்டில் 5.4 கிலோமீட்டர், 14 கன்ட்ரோல்கள். வரைபடம் 1:10,000 அளவு, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 100 மீட்டர். சமஉயரக் கோடுகளுக்கு இடையே 5 மீட்டர். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு நாளும் மழை பெய்திருந்தது. இந்த மழை பின்னால் வரும்.

முதல் ஐந்து கன்ட்ரோல்கள்

இதில் சொல்ல அதிகமில்லை. 10.24க்குக் கிளம்பினார், 10.55க்கு ஐந்தாவதில் சிப் பதித்தார். 31 நிமிடம். அந்தக் கட்டத்தில் 19 பேரில் ஐந்தாம் இடம். தவறு எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம்: முதல் ஐந்தும் வெள்ளைக் காட்டில் இருந்தன, வரைபடமும் தரையும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. "மேப் ரொம்ப நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டே ஓடினேன்" என்றார் பிறகு. அந்த நினைப்பையும் சேர்த்துத்தான் அவர் அடுத்த துண்டுக்குள், அதாவது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் உள்ள பகுதிக்குள், கொண்டுபோனார்.

ஐந்திலிருந்து ஆறுக்கு மூன்று வழிகள்

ஐந்தாவது கன்ட்ரோல் ஒரு மலைச்சரிவின் கிழக்குப் பக்கம். ஆறாவது அங்கிருந்து நேர் மேற்கே. இடதுபுறம், தெற்கே, சரிவு மேலேறி ஒரு மேட்டுப்பாதையில் முடிகிறது. வலதுபுறம் சரிவு கீழிறங்கி வண்டித்தடம் ஒன்றைத் தொடுகிறது. நடுவில் சரிவைக் கிழித்துக்கொண்டு இரண்டு பள்ளங்கள் கீழே இறங்குகின்றன. முதல் பள்ளம் ஐந்திலிருந்து 440 மீட்டரில், இரண்டாவது 620 மீட்டரில். ஆறாவது கன்ட்ரோல் இரண்டாவது பள்ளத்தின் தலைப்பகுதியில், ஓர் ஓடை தொடங்கும் இடத்தில்.

நேரே போனால் வரைபடப்படி 200 மீட்டர் வெள்ளை, 120 மீட்டர் நடுப்பச்சை, மீதி மறுபடி வெள்ளை. மேலே ஏறி மேட்டுப்பாதையில் போனால் சுமார் 900 மீட்டர், கூடவே 25 மீட்டர் ஏற்றம். பாதைச் சந்திப்பு ஒன்று ஆறாவது கன்ட்ரோலுக்கு நேர் மேலே இருக்கிறது, அங்கிருந்து 110 மீட்டர் இறங்கினால் போதும். மூன்றாவதாக, கீழே வண்டித்தடத்துக்கு இறங்கிப் போய் மறுபடி ஏறும் வழி. அதை யாரும் எடுக்கவில்லை.

அவருடைய கணக்கு இப்படி. 10 மீட்டர் ஏற்றத்தைச் சமதரையில் 100 மீட்டராக எண்ணுவது ஓட்டக்காரர்களின் வழக்கம். அப்படிப் பார்த்தால் மேட்டுப்பாதை வழி ஏறக்குறைய 1,150 மீட்டருக்குச் சமம், ஏழு நிமிடம் ஆகும். நேர்வழியில் வெள்ளைக்கு மூன்றரை நிமிடம், பச்சைக்கு மூன்று நிமிடம், ஆக ஆறரை. அரை நிமிட லாபம். நேரே போனார்.

இந்த முடிவை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் இருந்த வரைபடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு கணக்கும் ஒரே மாதிரி நம்பத்தக்கவை அல்ல. மேட்டுப்பாதையின் ஏழு நிமிடம் தப்பாகப் போனால் எட்டாகும், ஒன்பதாகும். பச்சையில் மூன்று நிமிடம் என்பது தப்பாகப் போனால் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தவிர, மேட்டுப்பாதை வழியில் கடைசி 110 மீட்டருக்கு முன்னால் ஒரு சந்திப்பு உண்டு, அங்கே நின்று "நான் இங்கே இருக்கிறேன்" என்று உறுதியாகச் சொல்லலாம். நேர்வழியில் அப்படி ஓர் இடமே இல்லை.

பச்சைக்குள்

வெள்ளையாகக் காட்டப்பட்டிருந்த காடு 150 மீட்டரிலேயே முடிந்துவிட்டது. வரைபடத்துக்கான களப்பணி நடந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. இடையில் ஒரு புயலில் அந்தச் சரிவில் மரங்கள் விழுந்திருக்கின்றன. மேல்கூரை திறந்ததும் வெயில் தரைக்கு இறங்கியது, வெயில் இறங்கியதும் முட்செடிகள் கிளம்பின. 120 மீட்டர் நடுப்பச்சை இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 280 மீட்டருக்கு நெஞ்சளவு முட்புதர், அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த மரத்தண்டுகள். காலை எங்கே வைக்கிறோம் என்றே தெரியாத இடம்.

அவர் 50 மீட்டர் உள்ளே போனதும் ஒருமுறை தயங்கியிருக்கிறார். "120 மீட்டர்தானே, பாதி வந்தாச்சு" என்று தொடர்ந்திருக்கிறார். தடத்தைப் பார்த்தால், அந்தத் தயக்கத்தின்போது திரும்பி மேட்டுப்பாதைக்கு ஏறியிருந்தால் நான்கைந்து நிமிட நஷ்டத்தோடு போயிருக்கும்.

உள்ளே இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, ஒவ்வொரு முறை புதர் மறித்தபோதும் அவர் வலதுபக்கமாகவே விலகியிருக்கிறார். காரணம் எளிது: வலதுபக்கம் இறக்கம். களைத்த கால் இறக்கத்தைத்தான் தேடும். காம்பஸ் முள்ளை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்து, மேற்குத் திசையைச் சரிசெய்து, மறுபடி மேற்கே நடந்தார். ஆனால் திசையைச் சரிசெய்தாலும் விலகிய தூரம் திரும்பி வராது. மேற்கு நோக்கியே நடந்து, பத்து மீட்டர் உயரம் கீழே இறங்கிவிட்டார்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். அவர் காலடி எண்ணுபவர். இடது கால் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒன்று என்ற கணக்கில், ஓடக்கூடிய காட்டில் அவருக்கு 100 மீட்டருக்கு 42 இரட்டைக் காலடி. 620 மீட்டருக்கு 260 வரும். அன்று 255, 258 என்று எண்ணிக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு பள்ளம் வந்தது. சரியாக எதிர்பார்த்த எண்ணிக்கையில், எதிர்பார்த்த மாதிரி ஒரு பள்ளம். முட்புதருக்குள் காலடி சுருங்கும், சில அடிகள் இருந்த இடத்திலேயே மிதிபடும். 260 காலடியில் அவர் கடந்திருந்தது 440 மீட்டர்தான். அது முதல் பள்ளம்.

நேரம் 11.08.

"இதுதான் அந்த ஓடை"

வரைபடத்தில் முதல் பள்ளத்தில் நீலக்கோடு கிடையாது. வறண்ட பள்ளம். இரண்டாவதில்தான் ஓடை. ஆனால் இரண்டு நாள் மழையில் முதல் பள்ளத்திலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது. காலடி எண்ணிக்கை சரி, பள்ளம் சரி, தண்ணீரும் சரி. அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

வந்திருக்க வேண்டிய இடங்கள் இருந்தன. இரண்டாவது பள்ளம் ஆழமானது. வரைபடத்தில் அதன் குறுக்கே மூன்று உயரக்கோடுகள் உள்வாங்கி வளைகின்றன. முதல் பள்ளத்தில் ஒரே ஒரு கோடு லேசாக நெளிகிறது, அவ்வளவுதான். அவர் நின்ற பள்ளம் ஆழமில்லாதது. அதை அவர் கவனித்தார். "மேப் போட்டவர் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்காருன்னு எடுத்துக்கிட்டேன்" என்றார். இரண்டாவது பள்ளத்தின் தலையில் ஆளுயரப் பாறை ஒன்று இருக்க வேண்டும், கறுப்புப் புள்ளியாகப் போட்டிருக்கிறது. இங்கே இல்லை. "புதருக்குள்ள மறைஞ்சிருக்கும்" என்று நினைத்தார். பள்ளங்கள் இறங்கும் திசையும் வேறு: முதலாவது நேர் வடக்கே, இரண்டாவது வடமேற்கே. பள்ளத்தின் நீளத்துக்குக் காம்பஸைப் பிடித்திருந்தால் பத்து நொடியில் விஷயம் தீர்ந்திருக்கும். அதை அவர் செய்யவில்லை. சந்தேகம் இருப்பவர்தானே சோதித்துப் பார்ப்பார்?

இன்னொரு சின்ன விஷயம், கேட்கச் சிரிப்பாக இருக்கும். நாம் இருக்கும் இடத்தில் கட்டைவிரல் நுனியை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்திக்கொண்டே போவது ஓரியண்டீரிங்கில் முதலில் சொல்லித்தரும் பாடம். இந்த இரண்டு பள்ளங்களுக்கும் வரைபடத்தில் இடைவெளி 18 மில்லிமீட்டர். ஒரு கட்டைவிரல் அகலம். முட்புதருக்குள் கையை உயர்த்திப் பிடித்து நடந்தபோது விரல் முன்னே நழுவியிருக்கிறது. இரண்டாவது பள்ளம் விரல் நுனியில், முதல் பள்ளம் விரலுக்கு அடியில். இரண்டு பள்ளம் இருக்கிறது என்பதே அந்த நேரத்தில் அவர் நினைவில் இல்லை.

ஒன்பது நிமிடம் பள்ளத்தில் மேலும் கீழுமாகத் தேடினார். கீழே தேடியபோது ஆரஞ்சுத் துணி தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் குறியெண் 58. அவருக்கு வேண்டிய ஆறாவது கன்ட்ரோலின் குறியெண் 112. வேறு பிரிவின் கன்ட்ரோல்.

இரண்டாவது ஆள்

11.17க்கு வேறொரு பிரிவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதே பள்ளத்துக்குள் வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டியவர், பல வருடமாக ஓடுபவர். அவருக்கும் 112 வேண்டும். நடந்த பேச்சை ஓட்டக்காரர் நினைவிலிருந்து சொன்னார்.

"நீங்களும் 112தானேம்மா?"

"ஆமாங்க சார். ஓடை தொடங்குற இடம். பத்து நிமிஷமா தேடுறேன், காணோம்."

"இந்த ஓடைதான். நானும் எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்."

"கீழே ஒண்ணு இருக்கு. ஆனா 58."

"அப்ப மாத்தி வெச்சிருப்பாங்க."

ஒரே முட்புதர் வழியாக, ஒரே மாதிரி காலடி சுருங்கி, ஒரே தப்பான இடத்துக்கு வந்த இரண்டு பேர். அவர் வந்ததே இவருக்கு ஆதாரமாகிவிட்டது, இவர் அங்கே இருந்ததே அவருக்கு ஆதாரம். தனியாகத் தொலைந்தால் சீக்கிரம் பயம் வரும், பயம் வந்தால் யோசனை வரும். இரண்டு பேராகத் தொலைந்தால் தொலைந்த மாதிரியே தெரியாது.

"மாத்தி வெச்சிருப்பாங்க" என்ற சந்தேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முடிவிடத்து மேசையில் உட்கார்ந்து இந்த வாக்கியத்தை நான் எண்ணற்ற தடவை கேட்டிருக்கிறேன். கன்ட்ரோல் நிஜமாகவே இடம் மாறியிருந்த சம்பவங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அன்றும் 112 தன் இடத்தில்தான் இருந்தது, அதற்குள் பத்துப் பேருக்கு மேல் அதில் பதித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இருவரும் சேர்ந்து இன்னும் பத்து நிமிடம் தேடினார்கள்.

நின்றது

11.27க்கு ஓட்டக்காரர் தேடுவதை நிறுத்திவிட்டு ஒரு மரத்தண்டில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். இந்தப் பந்தயத்தில் அவர் எடுத்த மிகச் சிறந்த முடிவு இதுதான் என்பது என் கருத்து. அவருக்கு அது தோல்வி மாதிரி இருந்ததாம்.

உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்ட கேள்வி, "112 எங்கே?" என்பதல்ல. "கடைசியாக எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம் எது?" என்பது. பதில்: ஐந்தாவது கன்ட்ரோல். அங்கே திரும்பிப் போவதுதான் பாடப்புத்தக வழி. ஆனால் நடுவில் அதே முட்புதர். சரி, இங்கிருந்து தவறவே முடியாதபடி எதைப் போய் முட்டலாம்? எந்தப் பள்ளத்தில் நின்றாலும், இரண்டுக்கும் வெளியே நின்றாலும், தெற்கே மேலேறினால் மேட்டுப்பாதை குறுக்கே வரும். பாதையில் ஏறி மேற்கே போனால் சந்திப்பு வரும். சந்திப்பு வராமல் பாதை தெற்கே வளைந்தால், தாண்டி வந்துவிட்டோம் என்று அர்த்தம். எப்படியும் தெரிந்துவிடும்.

பெரியவரிடம் சொன்னார். "நான் மேல பாதைக்குப் போய் மறுபடி வரப் போறேன், வரீங்களா சார்?"

"நீங்க போங்கம்மா. இங்கதான் இருக்கு, எனக்குத் தெரியுது."

அவரை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்ததாகச் சொன்னார். அடிபட்டவரை விட்டுப் போகக் கூடாது என்பது இந்த விளையாட்டில் எழுதிய விதி, எழுதாத மரபும்கூட. 2009இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் தொடரோட்டத்தில் சுவீடன் வீரர் ஒருவரின் தொடையில் மரக்குச்சி ஆழமாகக் குத்திவிட்டது. பதக்கப் போட்டியில் இருந்த பிரான்ஸ், நார்வே, செக் வீரர்கள் ஓட்டத்தை விட்டுவிட்டு அவருக்கு உதவினார்கள். ஆனால் இங்கே பெரியவருக்கு அடி எதுவும் இல்லை, களைப்பும் தெரியவில்லை, விசில் வைத்திருந்தார். கேட்டு உறுதி செய்துகொண்டு, மணி பார்த்து வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்த மணி பார்த்தது பின்னால் எங்களுக்கு உதவியது.

11.34க்குப் பாதை வந்தது. மேற்கே திரும்பி எண்ணிக்கொண்டே ஓடினார். 75 இரட்டைக் காலடியில் சந்திப்பு. பாதையில் காலடி சுருங்குவதில்லை, அதனால் 75 என்றால் ஏறக்குறைய 180 மீட்டர். அவர் நினைத்த பள்ளத்திலிருந்து நேரே ஏறியிருந்தால் சந்திப்பின் மேலேயே வந்து நின்றிருக்க வேண்டும். "அந்த 75ல எல்லாம் புரிஞ்சிருச்சு" என்றார். சந்திப்பிலிருந்து காம்பஸ் பிடித்து இறங்கினார். ஆழமான பள்ளம், ஆளுயரப் பாறை, துணி. குறியெண் 112. நேரம் 11.40.

அதற்கப்புறம்

தொடர்வதா, விலகுவதா என்று அடுத்த கேள்வி. பந்தயம் மூடும் நேரம் 1.30. கையில் 110 நிமிடம் இருந்தது, தூரம் பாதிதான் பாக்கி, உடம்பில் கீறல்களைத் தவிர ஒன்றுமில்லை. தொடர்ந்தார். தொலைந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியில் ஏழாவதை வேகமாகப் போய்த் தவறவிடுவது பலருக்கும் நடக்கும். அவர் ஏழாவது வரை வேண்டுமென்றே நடந்தும் மெல்ல ஓடியும் போனார், எட்டிலிருந்துதான் வேகம் எடுத்தார். 12.14க்கு முடித்தார். மொத்தம் 1 மணி 50 நிமிடம், முடித்த 15 பேரில் 13ஆம் இடம். வென்றவர் 61 நிமிடத்தில் முடித்திருந்தார்.

சிப்பைக் கொடுக்கும்போது என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை தன் நேரத்தைப் பற்றியது அல்ல. "ஆறுக்குக் கீழே ஒரு சார் இருக்காரு, 11.27க்கு நல்லாத்தான் இருந்தாரு, முதல் பள்ளத்துல" என்றார். குறித்து வைத்தேன்.

1.30 ஆயிற்று. பெரியவரின் சிப் வரவில்லை. அவருடைய கடைசிப் பதிவு ஐந்தாவது கன்ட்ரோல். அந்தத் தகவல் இல்லாதிருந்தால் ஐந்துக்கும் முடிவிடத்துக்கும் நடுவில் முழுக் காட்டையும் தேட ஆள் அனுப்பியிருப்போம். இப்போது எங்கே தொடங்குவது என்று தெரிந்தது. இருவரைத் தயார் செய்து அனுப்பும் முன், வழக்கப்படி முதலில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்க்கச் சொன்னேன். பெரியவர் அங்கே உடை மாற்றிக்கொண்டிருந்தார். பள்ளத்தில் இன்னும் பத்து நிமிடம் தேடியிருக்கிறார், பிறகு வெறுத்துப்போய்க் கீழே வண்டித்தடத்துக்கு இறங்கி, நடந்தே வந்து, நேரே வண்டிக்குப் போய்விட்டார். "முடிக்கலையே, எதுக்கு அங்க வரணும்?" என்று கேட்டார். முடிக்காதவர்தான் முக்கியமாக வர வேண்டும் என்று சொன்னபோது அவருக்கே சங்கடமாகிவிட்டது. பல வருட அனுபவசாலி. தெரியாமல் செய்யவில்லை, எரிச்சலில் செய்துவிட்டார்.

ஓட்டக்காரரின் பிரிவில் இருந்த 19 பேரில் 11 பேர் நேரே போயிருந்தார்கள். அவர்களில் மிக வேகமானவருக்கு ஆறாவதுக்கு 14 நிமிடம், நான்கு பேர் பந்தயத்தையே விட்டுவிட்டார்கள். மேட்டுப்பாதையில் போன 8 பேரில் மிக மெதுவானவருக்கு 13 நிமிடம், வேகமானவருக்கு எட்டுக்கும் குறைவு. அந்தத் துண்டை முடிவுக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நடத்தியவர்கள் மறுத்தார்கள்: எல்லோருக்கும் ஒரே வரைபடம், ஒரே காடு. நானும் அந்த முடிவோடுதான் இருந்தேன், முழு மனதோடு அல்ல. வரைபடம் சொன்னதை நம்பியவர்களைத் தண்டித்து, நம்பாதவர்களுக்குப் பரிசு கொடுத்த துண்டு அது.

இரண்டு வாரம் கழித்து

மழை நின்று காடு காய்ந்திருந்தது. ஐந்தாவது இடத்திலிருந்து அவருடைய தடத்திலேயே நடந்தோம். முட்புதருக்குள் அளந்த ஒரு 100 மீட்டருக்கு அவருக்கு 61 இரட்டைக் காலடி ஆனது. 42ஐ வைத்துக் கணக்கிட்ட அதே கால்கள். அவர் நின்று அந்த எண்ணை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

முதல் பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இலைச் சருகு மூடிக் கிடந்தது. "தண்ணி இல்லாம பார்த்தா இது ஓடை மாதிரியே இல்லையே" என்றார். ஆமாம், தாம்பாளம் மாதிரி இருந்தது.

மாற்ற வேண்டியவை

பெரிய பங்கு நடத்தியவர்கள் பக்கம். பந்தயப் பாதையைப் போட்டவர் கன்ட்ரோல் இடங்கள் ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். ஆனால் இலை உதிர்ந்த காலத்தில் பார்த்தார், ஆறாவதுக்கு மேட்டுப்பாதை வழியாகவே போனார். கன்ட்ரோல் இடம் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார், நடுவில் ஓடப் போகும் தரையை அவர் மிதிக்கவில்லை. இப்போது ஒரு துண்டில் நேர்வழியும் சுற்றுவழியும் சமமாகத் தெரிந்தால், இரண்டிலும் ஓர் ஆள் பந்தயத்துக்கு முந்தைய மாதத்தில் நடந்து பார்க்கிறார். மாறிப்போன புதர்களைத் திருத்தி அச்சிட நேரமில்லை என்றால், திருத்திய ஒரு வரைபடத்தைத் தொடக்க இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிடுகிறோம். விலகியவர்களும் சிப்பைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது ஏற்கெனவே விதிதான். அதைத் தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்ல ஆரம்பித்திருக்கிறோம், வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில் ஓர் அட்டையும் எழுதி வைத்தோம். தொந்தரவான வேலை, ஆனால் அதற்குப் பிறகு யாரும் நழுவவில்லை.

ஓட்டக்காரர் தன் பக்கத்தில் மாற்றிக்கொண்டது ஒன்றுதான், அதைக் கறாராகச் செய்கிறார். பச்சைக்குள் நுழையும் முன்பே திரும்பும் இடத்தை முடிவு செய்துவிடுகிறார்: இத்தனை நிமிடத்தில் வெள்ளை வரவில்லை என்றால் எந்தப் பக்கம் வெளியேறுவது, அங்கே என்ன வரும். நுழைந்த பிறகு அந்த முடிவை எடுக்க முடியாது என்கிறார், பாதி வந்துவிட்ட மாதிரியே எப்போதும் தோன்றுமாம். காலடி எண்ணிக்கையைப் புதருக்குள் அவர் இப்போது நம்புவதில்லை. பள்ளம் ஒன்று வந்தால் முதலில் அதன் நீளத்துக்குக் காம்பஸைப் பிடிக்கிறார், தண்ணீர் இருக்கிறதா என்று அப்புறம்தான் பார்க்கிறார்.

வரைபடத்தையும் திருத்தினோம். அந்தச் சரிவில் 280 மீட்டர் இப்போது அடர்பச்சை. விழுந்த மரங்களால் மறைந்துபோன ஓர் ஒற்றையடிப் பாதையை அழித்தோம். முதல் பள்ளத்துக்கு மழைக்கால நீர்த்தடம் என்று, விட்டு விட்டு வரைந்த நீலக்கோடு ஒன்று சேர்த்தோம். நெளியும் அந்த ஒற்றை உயரக்கோட்டை மட்டும் தரையில் அளந்து பார்த்துவிட்டு, இருந்தபடியே விட்டோம்.